வசந்தா அக்கா கேட்ட கேள்வி

வசந்தா அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, அரக்கோணம் மருத்துவமனையில். அவருடைய தம்பி போனில் உறுதி செய்தார்.

திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். அந்தக் கடை மூடியதற்குக் காரணம் எங்கள் பேப்பரில் நான் எழுதிய செய்தி.

"மாணவர்களுக்கு அசைன்மென்ட் எழுதித் தரும் கடை" என்று தலைப்பு. ஒரு கல்லூரியிலிருந்து வந்த புகார். சரிபார்க்க ஒரு மாலை முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு மாணவி வந்தாள். "ஆடிக் கிருத்திகை பத்தி வர்ணனை ஒண்ணு, விவாதம் ஒண்ணு எழுதணுமாம்க்கா. நீயே எழுதிக் குடுத்துடேன்."

"அப்ப மார்க்கும் எனக்கே போடச் சொல்லு. காவடி தூக்கிகினு படி ஏறினியே, கால் எப்படி இருந்துச்சு?"

"சுட்டுச்சு."

"ஆங், எப்படிச் சுட்டுச்சு? அத எழுது, அதான் வர்ணனை. கிருத்திகை அன்னிக்கு பஸ்ஸ எல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திடுறானே, அது சரிதான்னு நான் சொல்றேன். இப்ப என்கூட சண்டைக்கு வா... அது விவாதம்."

அவள் வந்தாள் சண்டைக்கு. கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

பிறகு அந்தப் பெண்ணே உட்கார்ந்து எழுதினாள். அக்கா அதை டைப் அடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இது முழுவதும் என் நோட்டில் இருந்தது. செய்தியில் இல்லை. ஆபீஸில் எடிட்டிங் டெஸ்க் வெட்டவில்லை... நான்தான் விட்டேன். சேர்த்திருந்தால் செய்தியே இல்லை.

மறுநாளிலிருந்து மாணவர்கள் வரவில்லை. அடுத்த மாதம் கட்டட உரிமையாளர் காலி செய்யச் சொன்னார்.

மூன்று வருஷம் முன்பு, சென்னை போகும் ரயிலில் எதிர் சீட்டில் அக்கா. நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"தெரியுது சார், பேப்பர எறக்குங்க. தபால்ல பி.ஏ. சேர்ந்துகீறேன். அசைன்மென்ட் நானேதான் எழுதுறேன், அதையும் போட்டுக்கோங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஒரு சந்தேகம் சார். என்னப் பத்தி நீங்க எழுதினீங்களே, அது எந்த வகை? வர்ணனையா, விவாதமா... கதையா?"

திருவாலங்காடு வந்தது. எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. இறங்கிவிட்டேன்.

கதைதான் அக்கா. மன்னித்துவிடுங்கள் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்... போய் வாருங்கள்.

அடக்கம் நாளை காலை. அக்காவின் பி.ஏ. கடைசி செமஸ்டர் ரிசல்ட் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் வரும் என்கிறார் தம்பி.