நுனியை வெட்ட வேண்டாம்

நான் இருக்கிற தீவில் மழை வந்தால் பெண்கள் முதலில் தலையை மூடுகிறார்கள். பிறகுதான் கொடியில் காயும் துணியைப் பார்க்கிறார்கள். சீஷெல்ஸில் ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் எனக்கு வேலை. பின்கட்டில் வெள்ளை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். தூறல் விழுந்ததும் நான் கொடியைப் பார்த்து ஓடுவேன். என்னோடு வேலை செய்யும் ரோசிட்டா நின்ற இடத்திலேயே நிற்பாள். பாவாடைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து உதறித் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டு, அதற்கப்புறம் நிதானமாக வருவாள். அதற்குள் பாதி விரிப்பு நனைந்திருக்கும். எங்கள் கொல்லிமலையில் மழை வாசம் அடித்தாலே களத்தில் காயும் மிளகை அள்ள ஓடுவோம். தலை நனைந்ததா என்று யார் பார்த்தார்கள்? வந்த புதிதில் எனக்குக் கோபம் கோபமாக வரும். முடி என்ன உப்பா, கரைந்து போக என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன். வாய்விட்டுக் கேட்க இந்த ஊர் கிரியோல் பாஷை தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். நான்கு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

நான் பத்தாவது வரை படித்தவள். கொல்லிமலையில் வளப்பூர் நாட்டில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரர் இந்தத் தீவில் கொத்தனார் வேலைக்கு வந்து சில வருடம் கழித்து, சலவைக்கூடத்தில் ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். எனக்கு முடி சுருட்டை. சுருட்டை என்றால் சினிமாவில் வருகிற மாதிரி நெற்றியில் தொங்குகிற அழகுச் சுருட்டை இல்லை. காய்ந்தால் விரிந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குக் குருவிக்கூடு என்று பெயர். என் தங்கச்சி செல்லம்மாவுக்கும் இதே முடிதான், அவள் சின்னக் குருவிக்கூடு. காலையில் எங்கள் அம்மா ஆளுக்கு ஒரு கை விளக்கெண்ணெய் வைத்து, முழங்காலுக்கு நடுவே பிடித்து உட்காரவைத்து, கண் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கிப் பின்னிவிடுவார்கள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம், "சுருட்டை முடி சோறு போடும், விடுங்க" என்று ஆறுதல் சொல்வார்கள். செல்லம்மா வாயாடி. "சோறு போட்டத நாங்க பாக்கலீங்க. எத்தன சீப்ப ஒடிச்சுதுன்னு கேளுங்க, சொல்றோம்" என்பாள்.

அதனால்தான் இந்தத் தீவுக்கு வர விசா இழுத்தடித்தபோது குலசாமி முன்னால் நின்று, "நல்லபடியா போயி நல்லபடியா திரும்பி வந்து நின்னா என் தலைமுடிய எறக்குறேன் சாமி" என்று நான் வேண்டிக்கொண்டது பெரிய காரியமே இல்லை. கிழட்டு மாட்டைக் கோயிலுக்கு விட்ட கதைதான். எனக்கும் தொல்லை தீரும், சாமிக்கும் கணக்கு நேராகும் என்று நினைத்தேன். ஊரறிய வேண்டிக்கொண்டேன். மூன்று வருடத்தில் அந்த முடி மேலேயே எனக்கு ஆசை வரும் என்று யார் கண்டது?

ஆசை வந்தது ரோசிட்டாவால். ஒருநாள் இஸ்திரி இயந்திரத்தின் சூட்டில் வேர்த்துக் கொட்டி என் பின்னல் அவிழ்ந்துவிட்டது. ரோசிட்டா கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு என் முடியை அள்ளிப் பிடித்து ஏதோ சத்தமாகச் சொன்னாள். ஒரு கத்தையை இழுத்தும் பார்த்தாள். சலவைக்கூடத்தில் வெள்ளைத் துணியில் ஒரு முடி கிடந்தால் போதும், மேற்பார்வையாளர் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்பார். அதற்குத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து அவசரமாக முடியை முடிந்துகொண்டேன். மறுநாள் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன். ரோசிட்டா அந்தத் துண்டை உருவி எறிந்தாள். மூன்றாவது நாளும் உருவினாள். கடைசியில், கிரியோல் பேசத் தெரிந்த என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் முடி ரொம்ப அழகாம். கடையில வாங்கி வெச்சதோன்னு இழுத்துப் பாத்தாளாம். அத எதுக்குக் கயிறு மாதிரி திரிச்சுப் பாழாக்குறான்னு கேக்கறா."

நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக என் முடியை ஒருத்தி அழகு என்று சொன்னாள். அன்று கை கழுவியதும் கண்ணாடி முன்னால் போய் நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோசிட்டா வீட்டு வாசலில் பாடம் ஆரம்பித்தது. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கிரியோல் தெரியாது. "நோன், நோன்" என்றால் செய்யாதே. "தூஸ்மான்" என்றால் மெதுவாக. இரண்டு வார்த்தையிலேயே ஒரு வருடம் ஓடியது. காய்ந்த முடியில் சீப்பு வைத்தால் நோன். துண்டால் பரபரவென்று துவட்டினால் நோன், நோன். வாரம் ஒருமுறை குளிப்பதற்கு முன்னால் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். கொஞ்சமாக ஷாம்பு, அதைப்போல நான்கு மடங்கு கண்டிஷனர். அந்த வழவழப்பு இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே தூஸ்மான். பிறகு குனிந்து, முடி எல்லாவற்றையும் முன்னால் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாகக் கையால் கசக்கிக் கசக்கி விட வேண்டும். ஈரத்தை எடுக்க ஒரு பழைய பனியன். என் வீட்டுக்காரரின் பனியன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதற்கு இதுதான் காரணம்.

அவள் முடிக்குப் பூசும் ஜெல் எனக்குக் கட்டுப்படியாகவில்லை, அரிக்கவும் செய்தது. ஒருநாள் வேலியோரம் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தீவில் செம்பருத்தி இல்லாத வேலி கிடையாது. இலையைக் கசக்கித் தண்ணீரில் பிழிந்தால் வருகிற கொழகொழப்பு எனக்குத் தெரியாதா? நம் ஊரில் அதைத் தலைக்குத் தேய்த்துவிட்டு அலசிக் கொட்டிவிடுவோம். வடிகட்டி, அலசாமல், ஈர முடியில் அப்படியே விட்டுப் பார்த்தேன். காய்ந்ததும் ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக நின்றது. ரோசிட்டா என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வேலிக்குக் கூட்டிப்போய் இலையைக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு "ஆயோ!" என்றாள். இங்கேயும் ஐயோவுக்கு அதுதான் வார்த்தை. அடுத்த வாரத்திலிருந்து சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லார் வீட்டு வேலியும் மொட்டையானது.

போன வருடம் இருபத்தைந்து நாள் விடுமுறையில் ஊருக்குப் போனேன். நாமக்கல்லுக்கே வந்து நின்ற செல்லம்மா என் தலையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் மலை ஏறி முடிக்கிற வரைக்கும் என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். "எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறுது பஸ்ஸு. அத்தனையும் புடுங்கிக் குத்துனாலும் இது அடங்காதே அக்கா!" என்றாள். முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முன்பென்றால் முந்தானையை இழுத்துத் தலையை மூடியிருப்பேன். அன்று மூடவில்லை. ஆனால் வளைவுக்கு வளைவு நாளை எண்ணிக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் வேண்டுதல். ஊரே அதை நினைவு வைத்திருந்தது.

மூன்றாம் நாள் காலை செல்லம்மா வீட்டுக் கொல்லையில் தலை குளித்தேன். நாலு வீடு தள்ளிக் காதுகுத்து, மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலக் குனிந்து, முடியை முன்னால் தொங்கவிட்டு, கையால் கசக்கி, பனியில் ஈரம் போகாததால் தலையை இப்படியும் அப்படியும் உதறிக்கொண்டிருந்தேன். எனக்குக் காலடி மட்டும்தான் தெரிந்தது. முதலில் இரண்டு கால். பிறகு எட்டு. பிறகு, "ஐயோ, சாமி வந்துருச்சு!" என்று ஒரு குரல்.

நிமிர்ந்து பார்த்தால் காதுகுத்துக்குக் கூப்பிட வந்த பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். முன்னால் பக்கத்து வீட்டுக் காளியம்மாக்கா, கையில் கற்பூரம். நம் ஊரில் ஈரத்தலையை விரித்துப்போட்டு மேளத்துக்கு ஆடினால் வேறென்ன நினைப்பார்கள்? காளியம்மாக்கா கேட்டார்: "வந்துருக்கறது யாரு சாமி? இவ நேந்த முடி இன்னும் வரலைன்னு கேக்க வந்தீங்களா? சொல்லுங்க சாமி, எவ்வளவு வேணும்னு சொல்லுங்க. செஞ்சு போடுறோம்."

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. 'பூமுடியா மூணு கத்தை போதும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. என் முடி பிழைத்துக்கொள்ளும். சாமியே சொன்னதை யார் மறுப்பார்கள்? என் வாழ்நாளில் என் வாயிலிருந்து வருகிற சொல்லுக்காக நான்கு பேர் கைகூப்பிக் காத்து நின்றது அதுதான் முதல்முறை. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"சாமியெல்லாம் இல்லீங்கக்கா," என்றேன். "நாந்தான். தலை காயவெக்கறேன்."

காளியம்மாக்கா கற்பூரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, தலைய இப்படியா காயவெப்பாங்க? பலா மரத்துல ஏறி உலுக்குற மாதிரியில்ல உலுக்குன! என் நெஞ்சே நின்னு போச்சு!" செல்லம்மா சமையல்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு கொல்லை முழுக்கப் பரவி, காதுகுத்து வீடு வரைக்கும் போனது. நான் காதுகுத்துக்குப் போய் நின்றபோது மேளக்காரர் என்னைப் பார்த்ததும் அடியைக் குறைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் செல்லம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, உனக்கு முடி எறக்க மனசில்ல, தானே?" அவளுக்குத் தெரியும். "பொம்பளைங்க பூமுடி குடுக்கறது வழக்கந்தான். மூணு கத்தை கத்தரிச்சாப் போதும். நான் வேணா பூசாரியக் கேட்டுட்டு வாரேன்." யோசிக்கிறேன் என்றேன். "யோசி. அதுக்குள்ள என் தலைக்கும் அத செய்யி" என்றாள்.

செய்தேன். அரப்புத் தூள் கரைத்துத் தேய்த்து, அலசிவிட்டு, அகலப் பல் சீப்பால் தூஸ்மான், செம்பருத்திச் சாறு, அவள் வீட்டுக்காரர் பனியன். நாற்பத்து மூன்று வயதுச் சின்னக் குருவிக்கூடு வெயிலில் காய்ந்து, தோள் வரைக்கும் சுருள் சுருளாக இறங்கியது. சாயங்காலம் காட்டிலிருந்து வந்த அவள் வீட்டுக்காரர், முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து வாசலிலேயே நின்று, "ஏனுங்க, யாருங்க வந்துருக்கறது?" என்று மரியாதையாகக் கேட்டார். செல்லம்மா திரும்பவில்லை. "இன்னொருக்காக் கேளுங்க, நல்லா இருக்குது" என்றாள்.

அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு மனது தெளிந்தது. வேண்டிக்கொண்ட அன்றைக்குச் சாமிக்குத் தருகிறேன் என்றது நான் தூக்கிப்போட நினைத்த பொருளை. இப்போதுதான் கொடுக்கிற மாதிரி ஒன்று என் கையில் இருக்கிறது. இப்போது மூன்று கத்தையோடு நிறுத்தினால் அன்றைக்குச் சொன்னது வெறும் பேச்சாகிவிடும். "பூசாரியக் கேக்க வேண்டாம்" என்றேன்.

கோயிலில் முடி எடுக்கிறவர் தண்ணீர் தெளித்துவிட்டு, "ஏனுங்க, இதென்ன முடியா ஸ்பிரிங்கா? பிளேடு மாட்டிக்குதுங்களே" என்றார். முடி என் மடியில் விழ விழப் பார்த்தேன். ஒவ்வொரு கத்தையிலும் மேல்பாதி சுருண்டிருந்தது, தீவில் வளர்ந்தது. கீழ்ப்பாதி எண்ணெயும் பின்னலும் இழுத்து இழுத்துத் தொய்ந்திருந்தது, மலையில் வளர்ந்தது. எங்கே முடிந்து எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. தலையில் சந்தனம் பூசியபோது குளிர்ந்தது. அழுவேன் என்று நினைத்திருந்தேன். செல்லம்மா, "இப்ப நீ குருவி முட்டை" என்றாள். சாமி முன்னால் நின்று சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஊரில் இருந்தேன். ஒவ்வொரு காலையும் செல்லம்மா என் மண்டையைத் தடவி, "மொளச்சிருக்கு, மொளச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பாள்.

திரும்பி வந்து சலவைக்கூடத்தில் தலைத்துண்டை எடுத்ததும் ரோசிட்டா "ஆயோ!" என்று கத்தினாள். எல்லாரும் ஓடி வந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினாள். கடவுளுக்குக் கொடுத்தேன் என்று சொல்ல, எனக்குத் தெரிந்த 'போன்டியே' என்ற வார்த்தையைச் சொல்லி மேலே கையைக் காட்டினேன். எல்லாரும் அழத் தொடங்கினார்கள். அன்று மாலைக்குள் மீன் சூப் ஒன்று, பூசணிக் கூட்டு ஒன்று, ஒரு பெரிய கேக் என் வீட்டுக்கு வந்துவிட்டன. நான் கடவுளிடம் போகப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வந்து நோயெல்லாம் ஒன்றுமில்லை, வேண்டுதல் என்று விளக்கினார். ரோசிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னார்: "உங்க சாமிக்கும் சுருட்டை முடிதானா, அவருக்கு இத எப்படிக் கழுவணும்னு தெரியுமான்னு கேக்கறா."

இப்போது எட்டு மாதம் ஆகிறது. விரலில் சுற்றினால் ஒன்றரைச் சுற்று வருகிறது. மழை தூறினால் நானும் முதலில் தலையைத்தான் மூடுகிறேன். விரிப்பு கொஞ்சம் நனையட்டும். போன ஞாயிற்றுக்கிழமை ரோசிட்டா கத்தரிக்கோலோடு வந்தாள். நுனியை மட்டும் ஒரு நூல் அளவுக்கு வெட்டிவிட்டால் சுருள் இன்னும் வடிவாக வரும் என்று விரலால் அளந்து காட்டினாள். நான் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, "நோன், நோன்" என்றேன். அவளிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. ஏன் என்று கேட்டாள். அதைச் சொல்கிற அளவுக்கு எனக்கு இன்னும் கிரியோல் வரவில்லை.

இந்த முடி எல்லாம் இந்தத் தீவின் தண்ணீரில் வளர்ந்ததுதான். ஆனால் முதல் ஒன்பது நாள் வளர்ந்தது செல்லம்மா வீட்டில். அது இப்போது நுனியில் இருக்கிறது, ஒவ்வொரு முடிக்கும் ஒரு சாமை அரிசி அளவு.