மாடு கட்டி இழுத்த கார்

போன ஆடி மாதம், வரதய்யபாளையம் தாண்டி இருக்கிற ஒரு கார் தொழிற்சாலையில் நடந்தது இது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். குறைந்த விலைக்குக் கார் விற்கிற கம்பெனி, அது போதும். நான் நகரிக்காரன். நாலு விசைத்தறி ஓட்டிப் பிழைக்கிறவன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் அந்தக் கம்பெனி கார் ஒன்றை வாங்கினேன். வேறு எதுவும் என் சக்திக்கு எட்டாது. மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்க ஆரம்பித்தது. மேட்டிலா, பள்ளத்திலா, வெயிலிலா, மழையிலா என்று ஒரு கணக்கும் கிடையாது. திடீரென்று செத்துப்போகும். ஐந்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். திருப்பதியில் சர்வீஸுக்கு விட்டால், அங்கே சமர்த்தாக ஓடும். பேட்டரியை மாற்றினார்கள். பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். கடைசியில் அங்கே இருந்த மேனேஜர், "வண்டி நல்லாத்தான் இருக்குது சார். உங்களுக்குக் கிளச் மிதிக்கத் தெரியல" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் புத்தூர் தாண்டி வடமாலப்பேட்டை அருகே போய்க்கொண்டிருந்தபோது, நடுரோட்டில் வண்டி நின்றது. பக்கத்தில் மனைவி. பின்சீட்டில் என் மகள், அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் மணல் லாரி. அவன் பிரேக் அடித்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பின் கண்ணாடி முழுக்க லாரியின் மூஞ்சி. ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். லாரிக்காரன் இறங்கி வந்து என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினான். என் மகள் சீட்டைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு விரலாக நாங்கள்தான் பிரித்தோம்.

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. காரைக் கட்டி இழுக்க முதலில் கழுதை தேடினேன், கிடைக்கவில்லை. ஏர்பேட்டில் இருக்கிற என் சிநேகிதன் ஒரு ஜோடி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். காரின் முன்னால் கயிறு கட்டி, பானெட்டில் செருப்பு மாலை போட்டு, ரெண்டு மேளக்காரரை விட்டு அடிக்கச் சொல்லி, பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, திருப்பதி ஊருக்குள் இருக்கிற ஷோரூம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். ஸ்டியரிங்கில் நான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். ஊரே போனில் படம் பிடித்தது. ஷோரூம் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு மாடு நின்று நிதானமாக மூத்திரம் பெய்தது. போலீஸ் வந்து எங்களைக் கலைத்தது. கம்பெனியிலிருந்து ஒருத்தனும் என்னைக் கூப்பிட்டுப் பேசவில்லை. நான் எழுதிப் போட்டதற்கும் பதில் இல்லை. காரைச் சித்தூரில் ஒரு பழைய வண்டி வியாபாரிக்குப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டேன்.

அந்தக் கம்பெனி நாசமாய்ப் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. ரெண்டு மூன்று வருஷத்தில் எங்கே பார்த்தாலும் அவன் வண்டிதான். ரேணிகுண்டா ஸ்டேஷன் வாசலில் நிற்கிற டாக்சிகளில் பாதி அவனுடையது. ஒரு டிரைவரிடம் சண்டைக்கே போனேன். "அண்ணா, நீ பழைய கத பேசிக்கினு கீற. நான் தெனம் மல ஏறி எறங்குறேன். ஒரு நாள் நின்னதில்ல" என்றான். அவனுக்குக் கம்பெனி காசு கொடுத்திருக்கும் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு வெறுப்பு.

அப்படி இருக்கும்போது என் மகளுக்கு வேலை கிடைத்தது. டிப்ளமோ முடித்து ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தவள். எழுதிய எல்லா இடத்திலும் தட்டிக் கழித்தார்கள். எடுத்துக்கொண்டது அந்தக் கம்பெனிதான். முதலில் டிரெயினிங், அதில் தேறினால்தான் வேலை நிரந்தரம். போகக் கூடாது என்று குதித்தேன். என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"இவளுக்கும் மேளம் வெச்சி, மாடு கட்டி, திருப்பி இஸ்துக்கினு வரப்போறியா? கம்முனு இரு."

கம்மென்று இருந்தேன். மகள் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தாள். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, சாயந்திரம் வந்தவள் பையைக்கூட இறக்காமல் என் எதிரே நின்றாள்.

"நைனா, இன்னிக்கி ஒன்ன கிளாஸ்ல போட்டாங்க."

எனக்குப் புரியவில்லை.

"நீ மாடு கட்டி இஸ்துக்கினு போனியே, அந்தப் படம். பெரிய தெரையில. புதுசா வர்ற எல்லாருக்கும் மொத வாரம் அத்தத்தான் போடுவாங்களாம்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. மாடு ஒண்ணுக்குப் போச்சில்ல, அப்ப கை தட்டினாங்க."

"நீ இன்னா சொன்ன?"

அவள் தரையைப் பார்த்தாள். "நீ எங்க நைனான்னு சொல்லல."

என்னை யாரோ செவுளில் அறைந்த மாதிரி இருந்தது. லாரி மூஞ்சியைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. என் குழந்தை சாகப் பார்த்ததற்கு நான் கத்தினேன். அதைக் கம்பெனிக்காரன் எடுத்து வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கேலிக்கூத்து நடத்துகிறான். பெற்ற அப்பனை அப்பன் என்று சொல்ல என் மகள் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்கே போய்க் கேட்கிறேன் என்றேன். அவள் அழுதாள்.

"வந்துடாத நைனா. தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. இது ஒண்ணுதான் கெடச்சிருக்குது எனக்கு."

இதையெல்லாம் கேட்டும் போனேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். மறுநாள் காலை அவள் பஸ் ஏறின பிறகு நான் பைக்கை எடுத்தேன். வழி முழுக்க ரெண்டு நினைப்பு. ஒன்று, எவனையாவது சட்டையைப் பிடிக்க வேண்டும். ரெண்டு, இவள் வேலை இன்றோடு போச்சு.

கேட்டில் இருந்த காவல்காரன் என்னைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றினதும் திரும்பப் பார்த்தான். பிறகு உள்ளே இருந்தவனை இங்கே வா என்று தெலுங்கில் கூப்பிட்டுக் கத்தினான்.

"ஒரேய், இக்கட ரா! மாட்டண்ணன் வந்துட்டாருடா!"

அங்கே எனக்கு ஒரு பெயரே இருக்கிறது! போலீஸைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தால், நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் ஒரு அம்மா வேகவேகமாக வந்தார். நாற்பது வயது இருக்கும், தடித்த ஷூ, கம்பெனிச் சட்டை. டிரெயினிங்குக்கு அவர்தான் தலைமை.

"அண்ணா, நீங்கதானா! வருஷக்கணக்கா ஒங்க மொகத்தத்தான் பாத்துக்கினு கீறேன்" என்றார்.

நான் ஆரம்பித்துவிட்டேன். மேனேஜர் சொன்னதிலிருந்து மணல் லாரி வரைக்கும், கேலிக்கூத்து வரைக்கும், மானம், மரியாதை எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த அம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினபோது, "பாதிதான் திட்டியிருக்கீங்க. உள்ள வந்து மீதிய எல்லார் முன்னாலயும் திட்டுங்க" என்றார். என்ன பேச்சு இது என்று எழுந்து பின்னால் போனேன்.

பெரிய கூடம். நாற்பது ஐம்பது பிள்ளைகள். மூன்றாவது வரிசையில் என் மகள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. நான் கண்ணை எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் என் கார் நின்றது.

என் கார்தான். முன் பம்பரில் மாட்டுக் கயிறு இழுத்த விரிசல் அப்படியே இருந்தது. பானெட் கழற்றி, இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். செத்துப் புதைத்ததை எழுப்பி உட்கார வைத்த மாதிரி இருந்தது.

அந்த அம்மா படத்தைப் போட்டார். "நேத்து சத்தத்தோட பாத்தீங்க, சிரிச்சீங்க. நாங்களும் அப்ப சிரிச்சோம். அதான் எங்க மொத தப்பு. இன்னிக்கி சத்தம் இல்லாம பாருங்க. மாட்டப் பாக்காதீங்க, அண்ணனப் பாக்காதீங்க. வண்டிய மட்டும் பாருங்க" என்றார்.

சத்தமில்லாமல் ஓடியது. மேளமும் இல்லை, என் கத்தலும் இல்லை. கார் ஊர்ந்து வருகிறது. ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்குகிறது. ஹெட்லைட் ஒரு வினாடி அணைந்து எரிகிறது. அடுத்த ஸ்பீடு பிரேக்கர். திரும்ப அணைந்து எரிகிறது. அந்த வண்டிக்குள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த எனக்கே அது தெரியாது.

பிறகு அந்த அம்மா நடந்ததைச் சொன்னார். கம்பெனி கெட்ட பெயரில் முங்கிக்கொண்டிருந்த நேரத்தில் புதிதாக ஒரு பெரிய அதிகாரி வந்தாராம். கேலிக்காகச் சுற்றிய இந்தப் படத்தைச் சத்தமில்லாமல் போட்டு எல்லாரையும் பார்க்க வைத்தாராம். லைட் அணைவதை முதலில் பார்த்தது இந்த அம்மாதான். உடனே வண்டியைத் தேடி அலைந்து, சித்தூர் வியாபாரியிடமிருந்து வாங்கி வந்து பிரித்திருக்கிறார்கள். கோளாறு, எர்த் ஒயரை வண்டியின் உடம்போடு சேர்க்கிற ஒரு போல்ட்டில். அதற்கு அடியில் பெயிண்ட். அந்த இடத்தில் பெயிண்ட் படக் கூடாது, வெறும் இரும்பு இருக்க வேண்டும். யாரோ மறைக்காமல் அடித்துவிட்டான். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் அது வழியாகக் கரண்ட் பாய்ந்தால் பாயும், இல்லையென்றால் இல்லை. குலுங்கினால் வண்டி செத்துவிடும். நிறுத்தி வைத்துப் பார்க்கிற சர்வீஸில் எப்படித் தெரியும்? அதற்கப்புறம் அந்த மாதிரி வண்டிகளையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டுச் சரி செய்தார்களாம். குறை சொல்லி வருகிற எந்த வண்டியையும் ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் "நல்லா இருக்குது" என்று சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டார்களாம். கார் பூட்டுகிற லைனில் வேலை செய்கிற யாருக்குச் சந்தேகம் வந்தாலும் லைனை நிறுத்தலாமாம்.

எல்லாம் சரி. எனக்குள் ஒன்று பொங்கியது.

"கண்டுபுடிச்சியே, எனக்கு ஒரு போன் போட்டியா? நான் வண்டி ஓட்டத் தெரியாதவன்னு ஊரெல்லாம் பேசுச்சே."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "போடல அண்ணா. நீங்க வண்டிய வித்துட்டீங்க, எங்க கணக்குல நீங்க இல்ல. மாட்டோட திரும்பி வந்துடுவீங்கன்னு பயம் வேற." பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அதுவும் தப்புதான். மன்னிச்சிடுங்க" என்றார். அத்தனை பேர் முன்னால்.

பின்னால் இருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், இப்ப எங்க வண்டிய வாங்குவீங்களா?"

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வாங்குவேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு வரவில்லை.

"வாங்க மாட்டேன். இன்னொரு தபா எம் பொண்ணு பின்சீட்ல ஒக்காந்துக்கினு லாரி மூஞ்சியப் பாக்கக் கூடாது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இவள் என் மகள் என்று தெரிந்தால் முடிந்தது, அவள் வேலை போச்சு. திரும்பி நடக்கப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நாற்காலி நகர்ந்த சத்தம்.

"மேடம், அவரு எங்க நைனா. பின்சீட்ல இருந்தது நான்தான்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா அவளையே பார்த்தார். கடைசியில் அவர் மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: "வண்டி நின்னப்போ மொதல்ல எது நின்னுச்சிம்மா?"

"மொதல்ல பாட்டு நின்னுச்சி. அப்பறம் மீட்டர்ல எல்லா லைட்டும் போச்சி. அப்பறம்தான் எஞ்சின்."

அவர் அதை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினார். "இத்தன வருஷமா இந்த வண்டிய வெச்சிக்கினு பாடம் நடத்துறேன். இந்த வரிசை எனக்குத் தெரியாது. ஒக்காரும்மா" என்றார். அவ்வளவுதான். பாடம் தொடர்ந்தது.

என்னால் அவளுக்கு வேலை போகவும் இல்லை, என்னால் கிடைக்கவும் இல்லை. பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது கதவு மாட்டுகிற பகுதியில் இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் அவள் லைனை நிறுத்தினாளாம். ஏன் என்று கேட்டேன், கதவு மூடுகிற சத்தம் பிடிக்கவில்லை என்றாள். யாரும் திட்டவில்லையாம். புதுப் பிள்ளைகளுக்கு இப்போது படம் முடிந்ததும், "இவருக்கு நாம போன் பண்ணல, அதுவும் நம்ம தப்பு" என்று சேர்த்துச் சொல்கிறார்களாம்.

என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். காரும் இன்னும் வாங்கவில்லை. கரண்ட் ஆபீஸிலும் தாலூகா ஆபீஸிலும் நான் கத்துவதும் நிற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கத்திக்கொண்டே இருக்கும்போது நடுவில் நிறுத்தி, என் வாயைப் பார்க்காமல் நான் காட்டுகிற இடத்தை யாராவது பார்க்கிறார்களா என்று தேடுகிறேன்; யாரும் பார்ப்பதில்லை, ஒரு தடவை, அந்தப் படத்தில், அந்த அம்மா பார்த்தார் என்பதை மட்டும் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.