‘மற்றவை’ என்ற பெட்டி

இப்போதெல்லாம் மின்னஞ்சல்கள் தாமாகவே இனம் பிரிந்துகொள்கின்றன. படிக்க ஒன்றும் மீதமில்லை என்று திரை சொன்னால் பலருக்கு நிம்மதி. நானோ அப்போதுதான் ஒதுக்கப்பட்டவற்றைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லாம் எங்கள் டைப்பிஸ்ட் அக்காவால் வந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பினாங்கு துறைமுகத்துக்கு அருகே ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் நான் கிராணி, அதாவது எழுத்தர். அலுவலகம் முழுமைக்கும் ஒரே கணினி, ஒரே மின்னஞ்சல் முகவரி. கப்பல் வரும் சேதி, வாடிக்கையாளரின் திட்டு, விளம்பரக் குப்பை எல்லாம் ஒரே குவியலாக வந்து விழும். எதையாவது தவறவிட்டுவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். நான் கொஞ்சம் ஒழுங்குப் பைத்தியம். இரண்டு மென்பொருள்களைப் போட்டுப் பார்த்துச் சலித்த பிறகு, கணினி இதழோடு இலவசமாக வந்த வட்டில் மூன்றாவது கிடைத்தது. தெரிந்த முகவரிகளை அது அதனதன் பெட்டியில் போடும். தெரியாதவை ‘மற்றவை’க்குப் போகும். மாதக் கடைசியில் அந்தப் பெட்டியைப் படிக்காமலே காலி செய்துவிடுவதாகத் திட்டம். திரை அமைதியானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா தினமும் காலையில் தேநீரோடு என் மேசைப் பக்கம் வருவார்.

“தம்பி, எனக்கு ஏதும் வந்திச்சா?”

“இல்லக்கா.”

யார் எழுதப்போகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. அவர் முகம் நாளுக்கு நாள் வாடியது. வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று எண்ணிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் ‘மற்றவை’யை அழிக்கப் போனவன், ‘அம்மாவுக்கு’ என்ற தலைப்பைப் பார்த்துக் கையை எடுத்தேன். அப்படி நான்கு இருந்தன. அக்காவைக் கூப்பிட்டேன். அவர் நின்றபடியே படித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். மகன் மெல்பர்னில் வேற்று இனப் பெண்ணைக் கட்டிக்கொண்டானாம். அன்றிலிருந்து அவன் கடிதமோ தொலைபேசியோ வீட்டுக்குள் வரக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டாராம். அவருக்குத் தெரியாமல்தான் அக்கா அலுவலக முகவரியை மகனுக்கு அனுப்பியிருந்தார். முதல் கடிதத்தில் பெண் குழந்தை பிறந்திருப்பதாக எழுதியிருந்தான். நான்காவதில் இரண்டே வரி: “நீங்களும் அப்பா பக்கம்தானா அம்மா? இனி தொந்தரவு செய்ய மாட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை.

“நீ என்னா செய்வே, குப்பைன்னு ஒதுக்கினே. மொதல்ல பதில் அடி லா. எனக்கு இதுல அனுப்பத் தெரியாது.”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். கடிதம் வேறு பெட்டியில் கிடந்தது, அம்மா எப்போதும் உன் பக்கம்தான், குழந்தைக்குப் பால் போதுகிறதா என்று கேட்டிருந்தார். அனுப்பியதும் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம், உடனே பதில் வந்துவிடும் என்பதுபோல.

மூன்றாம் நாள் பதிலோடு ஒரு படம் வந்தது. அச்சு இயந்திரம் அதை வரி வரியாகத் துப்பியது. முதலில் சுருட்டை முடி, பிறகு அகன்ற நெற்றி.

“ஐயோ, அவரு நெத்தி!” என்றார் அக்கா. கணவரைத்தான் சொன்னார். படத்தை மடிக்காமல் ஒரு கோப்புக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். என்ன ஆகுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் அக்கா வரும்போது பின்னால் அவர் கணவரும் வந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. கோப்பிலிருந்த படத்தை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக் கேட்டார்:

“தம்பி, இது இன்னும் பெருசா வருமா?”