மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

சிட்னியில் வந்து இறங்கியபோது என் கைப்பைக்குள் ஒரு பிடி மண் இருந்தது. மடு மாதா கோவில் மண். பாம்பு தீண்டாமல் காக்கும் என்று எங்கள் மன்னார்ச் சனம் சட்டைப் பைக்குள்ளும் தலையணைக்குக் கீழும் வைத்துக்கொள்கிற மண். "அந்த நாடு முழுக்கப் பாம்பாம் பிள்ளை" என்று சொல்லி அம்மா வெள்ளைத் துணியில் முடிந்து தந்தவ. விமானத்தில் நிரப்பச் சொல்லித் தந்த அட்டையில், மண் ஏதும் கொண்டு வருகிறீர்களா என்று ஒரு கேள்வி. பக்கத்துச் சீட்டில் இருந்த அங்கிள் அதைத் தமிழில் சொல்லிவிட்டு, "இல்லை எண்டு போடும். ஒருதரும் பாக்காயினம்" என்றார்.

நான் ஓம் என்று போட்டேன். சத்தியம் கேட்கிற இடத்தில் பொய் எழுத எனக்கு வராது. கையுறை போட்ட ஒரு பெண் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள், 'சொறி' என்றாள், தொட்டிக்குள் போட்டாள். நான் அழுதுகொண்டே வெளியே வந்தேன். நான் கட்டப்போகிறவரை முதன்முதல் நேரில் கண்டது அந்த அழுகையோடுதான்.

"ஏன் அழுறீர்?"

சொன்னேன்.

"நீராவே சொன்னனீரோ? அவை தேடிப் பிடிக்கேல்லையோ?"

"நானாத்தான் சொன்னனான்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். சிரித்தது அவருடைய அக்கா, என் மச்சாள். "உலகத்திலை ஆரும் அதுக்கு ஓம் எண்டு போடுவினமோ!" என்று ஒரு கிழமை சொல்லிச் சொல்லிச் சிரித்தா.

நான் வந்தது கல்யாணம் கட்டுவதற்கான விசாவில். ஒன்பது மாதத்துக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அதுவரை குவேக்கர்ஸ் ஹில்லில் மச்சாள் வீட்டில் இருந்தேன். அவர் வேறு இடத்தில் அறை எடுத்திருந்தார். வேலை முடிந்து கிழமைக்கு இரண்டு தரம் வந்து, முன் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அதற்கு முந்திய ஒரு வருசம் எல்லாம் போனில்தான். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைக்குப் போகமாட்டன் அன்ரி, அது கடவுளின்ர நாள்" என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லில்தான் அம்மா விழுந்தவ. நானும்தான்.

கல்யாணத்துக்கு முன் எங்கள் ஆட்களுக்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். பூசை முடியும் தறுவாயில் பாதர் ஒரு கடதாசியை விரித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று வாசிப்பார். இந்த நாட்டில் பல கோவில்களில் இது விட்டுப்போச்சு. எங்கள் தமிழ்ப் பூசையில் விடவில்லை. ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குப் பூசை.

அதுவரை அவர் தன் அறைக்குப் பக்கத்துக் கோவிலில் பூசை காண்கிறார் என்றே நினைத்திருந்தேன். முதல் ஓலை வாசித்தபோதும் அவர் வரவில்லை. "வேலை" என்றா மச்சாள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாதவருக்கு என்ன வேலை? இரண்டாம் ஓலைக்கும் வரவில்லை. "பார்க்கிலை ஏதோ பெரிய வேலையாம்" என்றா. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வெறும் இடத்தைப் பார்த்தது.

அன்று பூசைக்குப் பிறகு மண்டபத்தில் தேத்தண்ணியும் பற்றிசும். யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவ என் பக்கத்தில் வந்து நின்றா.

"என்ன பிள்ளை, மாப்பிள்ளை இந்தமுறை ஓலைக்கே வரேல்லைப் போல?"

"வேலை அன்ரி."

"ஓம் ஓம். போனமுறை மூண்டு ஞாயிறும் முன் வாங்கிலை வந்து இருந்தவர். பாவம். இருந்தும் என்ன?"

எனக்கு விளங்கவில்லை. "போனமுறை எண்டால்?"

அன்ரி பற்றிசைக் கடித்தபடியே நின்றுபோனா. "ஐயோ, உமக்குச் சொல்லேல்லையோ? நான் ஒண்டும் சொல்லேல்லை பிள்ளை. மாதாவே!" சொல்லிக்கொண்டே எல்லாம் சொல்லி முடித்தா.

வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் மச்சாளிடம் கேட்டேன். அவ வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றா.

"அது முடிஞ்ச கதை. மூண்டு ஓலையும் வாசிச்சாப் பிறகு அந்தப் பெட்டை மாட்டன் எண்டிட்டுப் போட்டாள். இப்ப மெல்பேணிலை, பொயிண்ட் குக்கிலை, கலியாணம் கட்டிப் பிள்ளையோடை இருக்கிறாள். தம்பியிலை ஒரு பிழையும் இல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் வந்திருப்பீரோ?" கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தா. கை முழுக்க வெங்காயம். "மூண்டாம் ஓலை முடியட்டும் பிள்ளை. பிறகு என்ன வேணுமெண்டாலும் கேளும்."

அந்தக் கிழமை நான் இருந்த இருப்பை எப்படி எழுதுவது? கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவினேன். செபமாலை சொல்லத் தொடங்கினால் மூன்றாம் தேவ இரகசியத்தோடு எண்ணிக்கை பிழைக்கும். திரும்ப முதலில் இருந்து. பெட்டியைத் திறந்து உடுப்பை மடிப்பேன். மடித்ததை எடுத்துத் திரும்ப அலுமாரியில் தூக்குவேன். வீதியில் கார்ச் சத்தம் கேட்டால் யன்னலுக்குப் போவேன். வந்தது அவர் இல்லை என்றால் ஆறுதல், உடனேயே கோபம். ஒரு பெண் வேண்டாம் என்று போனது எனக்குப் பெரிதில்லை. ஆனால் ஏன் போனாள்? அவளுக்குத் தெரிந்த என்ன எனக்குத் தெரியவில்லை? அம்மாவுக்குப் போன் எடுத்து, சுகமாய் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஊர் முழுக்கச் சொல்லி, புடவையும் எடுத்து வைத்திருக்கிற மனுசிக்கு வேறு என்ன சொல்ல?

சனிக்கிழமை நானே அவருக்கு எடுத்தேன்.

"நாளைக்கு நானும் வாறன்."

"எங்கை?"

"நீங்கள் ஞாயிறிலை போற இடத்துக்கு."

"அஞ்சு மணிக்கு உமக்குப் பூசை" என்றார். உமக்கு என்றார், எங்களுக்கு என்று சொல்லவில்லை.

மச்சாள் முதலில் குதித்தா. கட்ட முந்தி ஒரு குமர்ப்பிள்ளை காட்டுக்குத் தனியப் போறதோ என்று. என் முகத்தைப் பார்த்தபிறகு சோற்றுப் பார்சல் கட்டித் தந்தா.

அவருடைய யூட்டில், பின்பக்கம் திறந்த சின்ன லொறியில், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். தெற்கே, நஷனல் பார்க். உலகத்தில் முதன்முதல் உண்டாக்கின நஷனல் பார்க்குகளில் இதுவும் ஒன்று என்றார். நூறு வருசத்துக்கு மேலாம். அந்தக் காலத்தில் சனம் ரயிலில் வந்து இறங்குமாம், புதிதாய்க் கட்டின சோடிகள் ஆற்றில் வள்ளம் வலிக்குமாம். வள்ளக் கொட்டகையைக் கையால் காட்டினார். காட்டின கை உடனே ஸ்ரேறிங்குக்குத் திரும்பிவிட்டது. போனில் வாய் ஓயாமல் கதைத்த மனுசனுக்குப் பக்கத்தில் இருக்கும்போது கதை இல்லை.

பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு பிறஸ் கட்டியிருந்தது. சப்பாத்து அடியைத் தேய்த்து, மண்ணைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாமாம். வெளி மண்ணில் மரங்களுக்கு நோய் வருமாம்.

"இஞ்சையும் மண்ணை விடாயினமோ?" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்து என் சப்பாத்தையும் அவரே தேய்த்தார். நான் காலைத் தூக்கிக்கொண்டு மரத்தைப் பிடித்தபடி நின்றேன். கோபத்தோடு நிற்கிறவளுக்கு அது வசதியான நிலை இல்லை.

ஞாயிறுகளில் ஒரு கூட்டம் சேர்ந்து அங்கே களை பிடுங்குகிறது. பெரும்பாலும் வயதுபோன வெள்ளைக்காரர். எங்கள் ஊரில் நாயுண்ணி என்று சொல்கிற அதே செடிதான் அங்கே காட்டை மூடி வளர்ந்து கிடக்கிறது. மத்தியானம் வரை அவர் வெட்டினார், நான் இழுத்துக் குவித்தேன். கை முழுக்கக் கீறல். பிறகு மற்றவர்கள் போக, சாப்பிட ஓரிடம் இருக்கிறது என்று என்னை உள்ளே கூட்டிப் போனார். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு தண்டு நீட்டி, உச்சியில் சிவப்புப் பூ வைத்திருக்கிற செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை.

திடீரென்று அவர் கை என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்தது. "நில்லும்."

பாதையில் கறுப்பாய்ப் பளபளவென்று ஒரு பாம்பு, வயிற்றோரம் சிவப்பு. என் கை தானாகக் கைப்பைக்குள் போனது. மண் இல்லை. அது எந்தத் தொட்டியில் போய் எங்கே எரிந்ததோ. "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன், அடுத்த சொல் வரவில்லை. பக்கத்தில் இருந்து அவர் எடுத்துத் தந்தார். ஒரு சொல்லும் தவறாமல், மெதுவாக, முடியும் வரை சொன்னார். பாம்பு அவசரமில்லாமல் பற்றைக்குள் போனது.

அந்த இடத்தில்தான் எனக்கு வாய் திறந்தது.

"நான் ஒரு பிடி மண்ணையே ஒளிக்கேல்லை. நீங்கள் ஒரு கல்யாணத்தையே ஒளிச்சுப் போட்டீங்கள்."

அவர் கையை எடுத்தார். "அக்கா சொன்னவவோ?"

"கோவிலிலை சனம் சொல்லுது. கட்டப்போறவர் சொல்லேல்லை."

பாறை ஒன்று குடைபோல் நீண்டு நிழல் தருகிற இடம் வந்தது. அங்கேதான் அவர் வழமையாகச் சாப்பிடுவாராம். அங்கேதான் செபமாலையும் சொல்வாராம். "மூண்டு வருசமா இதுதான் என்ர கோவில்" என்றார்.

"இஞ்சை நன்மை ஆர் குடுக்கிறது? மரமோ?" என்று கேட்டேன். பூசையில் வாங்குகிற நற்கருணை அப்பம் காட்டில் கிடைக்காது. பூசை பூசைதான். அதில் எனக்கு இன்றைக்கும் வேறு கதை இல்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "மூண்டாம் ஓலை வாசிச்ச அண்டைக்கு அவ எனக்குப் பக்கத்திலைதான் இருந்தவ. அடுத்த வெள்ளிக்கிழமை என்னை விட்டிட்டுப் போட்டா. ஞாயிறு நான் பூசைக்குப் போனன். முழுச் சனமும் திரும்பிப் பாத்துது. என்ன குறையோ எண்டு. அதுக்குப் பிறகு ஏலாமப் போச்சு. பாதர் கடதாசியை விரிச்சால் எனக்கு மூச்சு அடைக்கும்."

"அவ ஏன் போனவ?"

"அவவுக்கு என்னைப் பிடிக்கேல்லை. அவ்வளவுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பா. ஆரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. விசா வந்திட்டுது, மண்டபம் பிடிச்சாச்சு, பிறகு என்னத்தைக் கேக்கிறது எண்டு விட்டிட்டன்." நிமிர்ந்து பார்த்தார். "நீர் மண்ணைச் சொல்லிப்போட்டு அழுதுகொண்டு வந்தீரே, அண்டைக்கே உமக்கு இதைச் சொல்ல வேணுமெண்டு நினைச்சனான். நீரும் போயிடுவீர் எண்டு பயம். இப்ப கேக்கிறன். உமக்கு என்னைப் பிடிச்சிருக்கோ?"

இருபத்தொன்பது வயதுவரை என்னை ஒருவரும் கேட்காத கேள்வி. அம்மா கேட்கவில்லை, பாதர் கேட்கவில்லை, விசாக்காரர் எத்தனையோ கேட்டார்கள், இதைக் கேட்கவில்லை. அந்தப் பாம்புக்கு முன்னால் அவர் செபத்தை எடுத்துத் தந்த குரல் காதுக்குள் நின்றது. ஒளித்ததும் நின்றது.

"அஞ்சு மணிக்கு எனக்குப் பக்கத்திலை வந்து இரும். பிறகு சொல்லுறன்" என்றேன். 'இருங்கோ' என்றே சொல்லி வந்தவரை நான் 'இரும்' என்று சொன்னது அன்றைக்குத்தான். கோபத்தில் வந்துவிட்டது. சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே திரும்பினோம்.

கோவில் வாசலில் என்னை இறக்கிவிட்டு, "யூட்டை விட்டிட்டு வாறன்" என்றார். நான் மச்சாளுக்குப் பக்கத்தில் போய் இருந்து, மற்றப் பக்கம் என் செபமாலையை வாங்கில் வைத்து இடம் பிடித்தேன். முதல் வாசகம் முடிந்தது. சுவிசேசம் முடிந்தது. பாதர் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது. கதவு திறக்கிற சத்தம் ஒவ்வொன்றுக்கும் என் கழுத்து திரும்பியது. நன்மை எடுக்கப் போய்த் திரும்பி வந்தேன். செபமாலை அப்படியே தனியக் கிடந்தது. போய்விட்டார் என்றே நினைத்தேன். பெட்டியில் எதை முதலில் மடிப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பாதர் கடதாசியை எடுத்தார். கடைசியாக ஒருதரம் திரும்பினேன். கதவோரம், சுவரோடு ஒட்டிக்கொண்டு, களை பிடுங்கின உடுப்போடேயே அவர் நின்றார். ஒரு கை கதவுப் பிடியில்.

இவ்வளவு தூரம்தான் அவரால் வர முடிந்தது என்று விளங்கியது. மிச்சத் தூரம் என்னிடம் இருந்தது.

எழும்பினேன். "எங்கை போறீர்?" என்று மச்சாள் என் சட்டைக் கையைப் பிடித்தா. விடுவித்துக்கொண்டு நடுப் பாதையால் பின்னுக்கு நடந்தேன். பாதர் எங்கள் இரண்டு பெயரையும் வாசித்துக்கொண்டிருந்தார். திரும்பின தலைகள் எல்லாம் இப்போது என்னைத்தான் பார்த்தன, அவரை இல்லை. தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று வாசித்தபோது நான் அவருக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றேன். விமானத்தில் தந்த அட்டை நினைவுக்கு வந்தது.

"எங்கை இவ்வளவு நேரமும் நிண்டனீங்கள்?" என்று மெல்லக் கேட்டேன்.

"யூட்டுக்குள்ளை இருந்தனான். மூண்டு தரம் ஸ்ராட் பண்ணினனான்."

"பிறகு?"

"மூண்டு தரமும் நிப்பாட்டினனான்."

பூசை முடிய, அந்த யாழ்ப்பாணத்து அன்ரி வாங்கில் கிடந்த என் செபமாலையைக் கொண்டுவந்து தந்தா. வாயைத் திறந்தா. அவருடைய சப்பாத்தையும் என் கைக் கீறல்களையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு பற்றிஸ் எடுக்கப் போனா.

எங்களுக்குக் கல்யாணம் முடிந்து ஒன்பது வருசம். ஞாயிறு காலையில் அவர் காட்டுக்குப் போவார், சில நாள் நானும் போவேன். பின்னேரம் பூசைக்கு இருவரும் போவோம். இருப்பது கடைசி வாங்கில், கதவுக்குப் பக்கத்தில். ஆருக்காவது ஓலை வாசிக்கத் தொடங்கினால் இன்றைக்கும் அவருடைய முழங்கால் ஆடத் தொடங்கும். என் கைப்பை நல்ல பாரம். அதை எடுத்து அந்த முழங்காலுக்கு மேல் வைத்துவிடுவேன்.