உரிமம் இல்லாத ஒரே ஒரு துண்டு

மென்பொருள் தொழிலில் நாமே எழுதுவது கொஞ்சம். யாரோ எழுதி இணையத்தில் போட்டதை எடுத்துச் சேர்ப்பதுதான் அதிகம். சேர்த்த ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ், அதாவது 'எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதியவர் கொடுத்த உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் உயிர் போகும். இதே வேலையில் தலையைக் கொடுத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல. உங்களுக்குத் தெரியாதது எங்கள் கோகிலாவைத்தான். நாமக்கல்லில் இருக்கிறது எங்கள் சின்ன அலுவலகம். நாங்கள் எழுதியதையும் எடுத்ததையும் கோத்து, ஓடுகிற மென்பொருளாக்கி அனுப்புவது அவள் பொறுப்பு. அதற்கு பில்டு என்று பேர். ராசிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள்.

டிரைவர்களின் புகைப்படங்கள்

முத்துச்சாமி அண்ணனுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி கட்டும் பட்டறை. முதல்முறையாக அவருடைய ரிக் ஒன்று வெளிநாடு போகிறது. எவ்வளவு ஆழம் துளைத்திருக்கிறது என்று திரையில் காட்டும் மென்பொருள் எங்களுடையது. வாங்குகிறவர் ஒரு நிபந்தனை போட்டார்: மென்பொருளில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் உரிமத்தைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ரிக் வேண்டாம்.

எல்லா லைசென்ஸும் சேர்த்தால்தான் வண்டி கப்பலேறும் என்று அண்ணனுக்குப் போனில் நான்தான் சொன்னேன். சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பில் படங்கள் கொட்டின. அவரிடம் வேலை செய்யும் டிரைவர்கள் அத்தனை பேருடைய ஓட்டுநர் உரிமங்கள். நான் சிரித்துக்கொண்டிருக்க, கோகிலா போனை வாங்கி, லாரியில் ஏற்றிய சரக்குக்கெல்லாம் பில் கேட்கிற மாதிரிதான் இது என்று பொறுமையாக விளக்கினாள். அவர் சொன்னார்: "அப்ப சரக்குக்குன்னு மொதல்லயே சொல்றதுதானுங்க? ரினீவல் பண்ணாத ரெண்டு பேரை நான் கண்டபடி ஏசிப்போட்டனுங்க."

கூப்பிடாமல் வந்தவர்கள்

ஆழம் அளக்கும் கருவியின் சிக்னலைப் படிக்க ஒரு துண்டை எடுத்துப் போட்டவன் நான். அது தனியாக வரவில்லை. தனக்கு வேண்டிய துண்டுகளை இழுத்து வந்தது. அவை தங்களுக்கு வேண்டியவற்றை இழுத்து வந்தன. ஒருவருக்குப் பத்திரிகை வைத்தால் வேன் பிடித்து வருகிற கதைதான். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். கோகிலா ஒவ்வொன்றாகப் போய், யார் எழுதியது, என்ன உரிமம், என்ன நிபந்தனை என்று பார்த்தாள். தொல்லைப்பட்டதாக ஒரு முகச்சுளிப்பு கூட இல்லை. எல்லாவற்றுக்கும் உரிமம் கிடைத்தது, சிக்னலை எண்ணாக மாற்றும், கடைசியாக வந்து ஒட்டிய துண்டைத் தவிர.

இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று சலித்துக்கொண்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வந்தவிய எல்லாத்துக்கும் எலை போடோணுமில்லைங்ண்ணா? யாருன்னு கேக்காம எப்படிப் போடறது?"

ரெண்டு வரி ஒட்டினால் போதும்

அந்தத் துண்டை நாமே எழுதிச் சோதித்து முடிப்பதற்குள் கப்பல் போய்விடும். ஆர்டர் கைநழுவிவிடுமோ என்று எங்கள் முதலாளி சிவக்குமார் சார் பயந்தார். எல்லோரும் பயன்படுத்தும் பொதுவான உரிம வாசகம் ஒன்று இணையத்தில் கிடைக்கிறது, அதை ஒட்டி, துண்டை எழுதியவர் பேரைப் போட்டு அனுப்பிவிடலாம் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கோகிலா முடியாது என்றாள்; குரலை உயர்த்தவேயில்லை. சம்பளம் கொடுக்கிறவரிடம் இப்படிப் பேச எனக்கு வாய் வந்திருக்காது. அவளை நினைத்து அன்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"அவரு தரமாட்டேன்னு சொல்லலைங்க சார், தாரேன்னும் சொல்லலை. அவரு பேர்ல நாம எழுதிக்கிட்டா அதுக்குப் பேரு லைசென்ஸ் இல்லீங்க."

முதல் வரி

எழுதியவர் எங்கோ கடல் கடந்து இருக்கிறார். அவருடைய இணையப் பக்கத்தில் உரிமம் கேட்டுப் பலர் எழுதியிருந்தார்கள். ஏன் போடவில்லை, உடனே போடு, பொறுப்பில்லையா என்று ஒரே அதட்டல். ஒருவருக்கும் அவர் பதில் சொல்லவில்லை. கோகிலா அவருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறீர்களா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, சாப்பிட்டீர்களா என்று தொடங்கியிருந்தது. பிறகுதான் ரிக், அவர் எழுதியதை வைத்துத் தண்ணீர் தேடப்போகிறோம் என்ற நன்றி, உரிமம் தர முடியுமா என்ற கேள்வி. விருப்பமில்லையென்றால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம் என்று முடித்திருந்தாள்.

வெள்ளைக்காரனிடம் போய்ச் சாப்பிட்டாயா என்று யாராவது கேட்பார்களா என்று சார் தலையில் அடித்துக்கொண்டார். நலம் விசாரிக்காமல் காரியத்தைச் சொல்ல எப்படி வாய் வரும் என்று சொல்லி அவள் அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் காத்திருப்புதான். முத்துச்சாமி அண்ணன் தினமும் கூப்பிட்டார். ரிக்குக்குப் பெயிண்ட் அடித்து, பூஜை போட்டு, பட்டறை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். கப்பல் தேதி நெருங்க நெருங்க அவருடைய பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் 'ஏனுங்க' என்று கூப்பிடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு மத்தியானம் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் பதில் வந்தது. கோகிலா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "சாப்பிட்டேன், இன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக. வீட்டில் எல்லோரும் நலம். லைசென்ஸ் போட்டுவிட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா?"

ரிக் கப்பலேறிவிட்டது; இப்போதெல்லாம் எங்கள் சார் வெளிநாட்டுக்கு அனுப்புகிற மெயில்களில், பாக்கியைக் கேட்டு மிரட்டுகிற மெயில் உட்பட, முதல் வரி சாப்பாடுதான்.