தகரப் பெட்டிக்குள் துந்திரா

ஐம்பதுகளில் கல்முனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் எட்டாம் வகுப்புக்குப் பூமிசாஸ்திரம் படிப்பித்தேன். வகுப்பு இரண்டு பிரிவு. ஒன்று என்னுடையது. மற்றதற்குத் தம்பிலுவிலில் இருந்து புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார், என்னைவிட இளையவர். நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அவர் சொல்வது எனக்கும் கேட்கும், என் பிள்ளைகளுக்கும் கேட்கும்.

வடதுருவத்தை ஒட்டிய துந்திராக் காலநிலைப் பாடம் இருவருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. நான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன்: நீண்ட கடுங்குளிர், குறுகிய கோடை, மழை குறைவு, மரங்கள் இல்லை, பாசியும் புல்லும் மட்டும். கச்சான் காற்று அனலாய் வீச, பிள்ளைகள் வேர்க்க வேர்க்க எழுதினார்கள்.

மறுநாள் அவர் மீன் லொறிக்காரரிடம் வாங்கிய ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். தகரப் பெட்டிக்குள் அதை இறுக்கி வைத்து, மேலே நான்கு விரல் உயரத்துக்கு மண் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் சேறாகி மேலேயே நின்றது. தகரப் பெட்டிக்குள் ஊற்றினால் வேறெங்கே போகும் என்று மனதுக்குள் நக்கலடித்தேன்.

"அடியில நிலம் எப்பவும் உறைஞ்சுதான் கிடக்கும். கோடையில மேல்மண் மட்டும் இளகும். தண்ணி இறங்க வழியில்ல. அதாலதான் மழை குறைஞ்சும் அங்க சதுப்பு."

"மரம் ஏன் இல்ல சேர்?"

"குளிரும் காத்தும் ஒரு பக்கம். வேர் இறங்குமா எண்டு நீயே கையை விட்டுப் பாரு."

கையை விட்ட பிள்ளை அலறியது.

"அந்தச் சதுப்பில நுளம்பு மொய்க்கும்" என்றார்.

"அங்கயும் நுளம்பா!"

இரவெல்லாம் நுளம்புக்கடியில் தூக்கம் கெட்ட பிள்ளைகள்; வகுப்பே சிரித்தது. சுவருக்கு இப்பால் என் பிள்ளைகளும் எழும்பி நின்று சிரித்தார்கள். "இரிங்கடா!" என்று கத்தினேன். வயிறு எரிந்தது. நடுப்பகல் ளுஹர் தொழுகையில் நின்றபோதும் மனம் அந்தப் பெட்டியிலேயே கிடந்தது.

பின்னேரம் தலைமை ஆசிரியரிடம் போனேன். "மீன் ஐஸால வகுப்பு நாறுது சேர். பிள்ளைகள் படிப்பை விட்டுட்டு வேடிக்கை பார்க்கிறாங்க."

தலைமை ஆசிரியர் அந்த இளையவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். வெளியே வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆரோ கோள் சொல்லியிருக்காங்க மாஸ்டர்."

"அப்பிடியா?" என்றேன்.

தவணைப் பரீட்சையில் துந்திராக் கேள்வி வந்தது. என் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் புத்தகத்தில் இருந்ததை எழுதவில்லை. அடியில் ஐஸ், மேலே மண், அதன்மேல் சேறு என்று படம் வரைந்திருந்தார்கள். விடைத்தாள்களோடு வந்த தலைமை ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உங்கட வகுப்பு நல்லா எழுதியிரிக்கி. எப்பிடிப் படிப்பிச்சீங்க?"

"படம் கீறிக் காட்டினேன் சேர்."

அந்த இளைய ஆசிரியரும் அங்கேதான் இருந்தார். "ஓம், மாஸ்டர் நல்லாப் படிப்பிப்பார்" என்றார்.

அந்தச் சொல்லில் குத்தல் இருக்கிறதா என்று அவர் முகத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.