என் மனைவியின் வயிறும் ஒரு டாக்டரும்

அந்த ஹோமியோபதி டாக்டரிடம் என் மனைவியை அழைத்துப்போனது நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறாள். நான் அதே ஊரில் ஷூவுக்கான நூல், பக்கிள், பசை விற்கும் கடை வைத்திருக்கிறேன். மகன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். போன வருஷம் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. நாலு வாய் சோறு உள்ளே போனதும் வயிறு கல் மாதிரி ஆகிவிடும், அப்புறம் ஓயாத ஏப்பம். வேலூருக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம், குழாய் விட்டும் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். "இன்னாமே பண்ணுது?" என்று நான் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். எதைக் கேட்டாலும் அவளிடம் அந்த ஒரே பதில்தான். கல்யாணமான நாளிலிருந்தே அப்படி. பேசாத சுபாவம் என்று நானும் விட்டிருந்தேன்.

கடைக்கு வரும் பாய் ஒருவர்தான் அந்த டாக்டரைச் சொன்னார். "வயிறு ரொம்ப பேஜார் பண்ணுதுன்னா அவருகிட்ட போங்க. கேள்விதான் ஜாஸ்தி கேப்பாரு, மருந்து கம்மிதான்."

டாக்டர் எழுபதைத் தாண்டியவர். மீசைக்கு மட்டும் மை போட்டிருந்தார். மேஜை மேல் சின்னச் சின்ன பாட்டில்கள், பக்கத்தில் பாதி தின்ற முறுக்கு. சாப்பாடு, தாகம், தூக்கம் என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன்.

"புளிப்பு பிடிக்குமா?"

"பிடிக்கும் சார்."

"கனவு வருமா?"

"அதெல்லாம் வராது சார்."

அவர் பேனாவை மூடிவைத்தார். "தம்பி, வயிறு உங்களுதா, அவங்களுதா?"

"அவங்களுது சார்."

"அப்போ நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் அவர் குரல் கேட்டது, பிறகு அவள் குரல். அதற்கப்புறம் அவள் குரல் மட்டும்தான். என்ன பேசுகிறாள் என்று விளங்கவில்லை, ஆனால் நிறுத்தாமல் பேசுகிறாள் என்பது விளங்கியது. இவளுக்குள் இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது? நடுவில் ஒரு முறை சிரித்தாள். என் வீட்டில் நான் கேட்டிராத சிரிப்பு. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது.

வண்டியில் வரும்போது, "இன்னா கேட்டாரு?" என்றேன்.

"வயித்த பத்திதான்."

"வயித்த பத்தியா ஒரு மணி நேரம்?"

"ம்" என்றாள்.

காபி கூடாது என்று சொல்லியிருந்தாராம். மறுநாளே விட்டுவிட்டாள். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே என்று நான் எத்தனை வருஷமாகக் கத்தியிருப்பேன்! அவர் ஒரு வார்த்தை சொன்னதும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மருந்துக்குப் பக்கத்தில் கடுமையான வாடையும் இருக்கக் கூடாதாம். தோல் பதனிடும் ஊரில் இருந்துகொண்டு வாடை இல்லாத இடத்தை எங்கே தேடுவது? அவள் தேடிப் பிடித்தாள். என் சட்டைகளில் பசை வாடை அடிக்கிறது என்று, மருந்து டப்பாவைத் தன் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள். அந்தச் சர்க்கரை உருண்டைகளுக்கு வந்த வாழ்வு!

பதினைந்து நாளுக்கொரு முறை போய்வந்தாள். ஒவ்வொரு முறையும் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். மெல்ல மெல்லச் சோறு இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கி வந்தேன், இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மருந்து வேலை செய்ததா, பேச்சு வேலை செய்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவானாலும் அது என் கையால் நடக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய, முறுக்கு கடிக்கிற கிழவர் மேல் பொறாமை என்று வெளியே சொன்னால் கடைத்தெருவே சிரிக்கும்.

இதைவிடப் பெரிய குடைச்சல் ஒன்று இருந்தது. என்னைப் பற்றி அவரிடம் என்ன சொல்லியிருப்பாள்? என் கோபத்தையா? ஒரு தீபாவளிக்குக் கலவை என்ற ஊரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு நான் அனுப்பாமல் இருந்ததையா? என் குறட்டையையா? போட்டு வாங்கப் பார்த்தேன். "என்ன பத்தி இன்னா சொன்ன?" என்று நேராகவும் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அந்த ஒண்ணுமில்லையை யார் நம்புவது?

கடைசியில் எனக்கும் வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு தனியாக அவரிடம் போனேன்.

"சாப்ட்டா எரியுது சார்."

"எவ்ளோ நாளா?"

"நாலு மாசமா."

"அவங்க என்கிட்ட வர ஆரம்பிச்சும் நாலு மாசந்தான் ஆவுது" என்றார் முறுக்கை எடுத்துக்கொண்டே. "வயிறும் மனசும் ஒரே வீட்டுல இருக்கிற ஓரகத்திங்க மாதிரி தம்பி. ஒருத்தி மூஞ்சியத் தூக்கினா இன்னொருத்தி அடுப்பு பத்த வைக்க மாட்டா. உங்க வீட்டுல யாரு மூஞ்சியத் தூக்குறது?"

எனக்கு அடக்க முடியவில்லை. "சார், அவ என்ன பத்தி இன்னா சொன்னா?"

"அவங்க சொன்னத நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது" என்றார். என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். "ஆனா ஒண்ணு. நீங்க பயப்படாதீங்க. இத்தினி நாள்ல உங்கள பத்தி ஒரு வார்த்தை பேசல. நிம்மதியா போங்க."

நல்ல சேதி சொல்லிவிட்டதாக நினைத்து உருண்டைப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்.

ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குடிகாரன், கோபக்காரன், கஞ்சன் என்று இருப்பதையும் இல்லாததையும் சொல்லியிருந்தால்கூட அந்த அறையில் எனக்கு ஓர் இடம் இருந்திருக்கும். அன்று கடையில் கறுப்பு நூல் கேட்டவருக்குப் பழுப்பு நூலைக் கொடுத்து அனுப்பினேன்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாயே நெஞ்சில் நின்றுவிட்டது. நிஜமாகவே நின்றது.

"இன்னாங்க பண்ணுது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

அவள் என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். "அவருகிட்ட போனீங்களா? எதுக்கு?"

"நீ அங்க இன்னா பேசுறேன்னு தெரிஞ்சிக்கத்தான்."

சண்டை வரும் என்று இருந்தேன். வரவில்லை. "கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே" என்றாள்.

"கேட்டனே!"

"டாக்டர் இன்னா கேட்டாருன்னு கேட்டீங்க. உங்கள பத்தி இன்னா சொன்னேன்னு கேட்டீங்க. அவ்ளோதான் கேட்டீங்க."

"சரி, இப்போ சொல்லு" என்றேன்.

சொன்னாள். கம்பெனியில் பக்கத்து மெஷினில் குடியாத்தத்துக்காரி ஒருத்தி இருந்தாளாம். மத்தியானம் மணி அடித்ததும் இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து மாற்றிக்கொள்வார்களாம். அவள் கொண்டுவரும் கருவாட்டுத் தொக்கு, அவள் மாமியார் கதை, சூப்பர்வைசர் மாதிரி அவள் பேசிக் காட்டுவது. அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அதிலிருந்து இவள் தனியாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்து போகிறாள். அப்போதிலிருந்துதான் வயிறு. அந்தக் குடியாத்தத்துக்காரியைப் போல் என் மனைவி பேசிக் காட்டியபோது பிளைவுட்டுக்கு அப்பால் கேட்ட அதே சிரிப்பைச் சிரித்தாள். அவள் போன நாளைச் சொன்னபோது இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷமே போய்விட்டது. அது நேராகக் குடியாத்தம் போய் உட்கார்ந்துகொண்டது.

பிளைவுட் இல்லாமல் எனக்கும் அந்த ஒரு மணி நேரம் கிடைத்தது. இதோ இந்தக் கதையில் நான் வருவேன், அடுத்ததில் வருவேன் என்று காத்துக்கொண்டே கேட்டேன். எங்கேயும் நான் வரவில்லை. அவள் பேச்சு சுவாரசியத்தில் தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டு முடித்திருந்தாள். என் தட்டில் சோறு வைத்தபடியே இருந்தது, கை காய்ந்து போயிருந்தது.